மூணாவது சிலிண்டர்

மலைச்சாலையின் ஏழாவது வளைவைத் தாண்டியதும் கார் ஒரு துடிப்பை விட்டது. மூன்று அடி ஒழுங்காக அடித்து, நாலாவதை விழுங்கியது. பின்சீட்டில் புருஷன் மடியில் தலைவைத்து பிரசவ வலியில் முனகிக்கொண்டிருந்த தனுஷாவுக்கு அது கேட்டிருக்காது. ஓட்டிக்கொண்டிருந்த அக்கா செந்தமிழ்ச்செல்வி கச்சிராயபாளையத்தில் பன்னிரண்டு வருஷமாக ஒர்க்ஷாப் நடத்துகிறவள். அவளுக்குக் கேட்காமல் இருக்குமா?

மணி மூன்றுதான். ஆனாலும் கார்த்திகை மூட்டம் கண்ணாடியில் வந்து அப்பி, ஈரமண்ணும் பச்சிலையும் சூடேறிய பிரேக்கும் கலந்த வாடை உள்ளே நிறைந்து, வைப்பரின் கீச்சொலிக்கு நடுவே அந்த விட்டுப்போன துடிப்பு மட்டும், யாரோ மூச்சைப் பிடித்துக்கொள்வது போல, தனியாகக் கேட்டுக்கொண்டே வந்தது.

"அங்க நிறுத்தி இருக்கலாம் அண்ணி," என்றான் தமிழரசன். அவனும் தனுஷாவும் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள்.

அவன் சொன்னது அந்த வளைவில் மஞ்சள் பூசி நிற்கும் கல்லை. பிள்ளைத்தாச்சியை ஏற்றிவரும் எந்த டிரைவரும் அங்கே எஞ்சினை அணைத்து, கல்லுக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் கிளம்புவான்.

"ஸ்டார்ட்டர் வீக்கா கீது தம்பி. அணைச்சா இன்னொரு தபா எழுந்திருக்காது. கல்லுக்கோசரம் என் தங்கச்சிய நடுரோட்ல போட சொல்றியா?"

துடிப்பை விடும் அந்த மிஸ்ஸிங் ஜாஸ்தியானது. வண்டி உதறியது. வேறு வழியில்லாமல் ஓரங்கட்டி, எஞ்சினை ஓடவிட்டே இறங்கி பானெட்டைத் தூக்கினாள்.

ஓடும் எஞ்சினில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது அவள் வழக்கம். பிடுங்கினால் எஞ்சின் சத்தம் தொய்ய வேண்டும். தொய்யாவிட்டால் அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. முதல் ஒயர், தொய்ந்தது, திரும்ப மாட்டினாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கினாள். ஒரு மாற்றமும் இல்லை. ஆள் அகப்பட்டான் என்று நினைத்துக்கொண்டு, நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை அந்த சிலிண்டர்மேல் ஊன்றி, பிடியில் காதை வைத்தாள்.

செத்த சிலிண்டரில் பிஸ்டனின் மொட்டை ஓசைதான் வரும். வந்தது வேறு. சன்னமாக. படுவேகமாக. போன மாசம் ஸ்கேன் அறையில் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட அதே துடிப்பு. அன்றைக்குச் செல்வி சந்தோஷத்தில் அழுதிருந்தாள்.

"அக்கா," என்றாள் தனுஷா உள்ளிருந்து. "வளைவு தாண்டுனதுலேர்ந்து உள்ள அசையவே இல்லக்கா."

செல்வி காதை எடுக்கவில்லை. சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்புகிற பிறவி இல்லை அவள். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐட்லிங் ஸ்குரூவை அரைச்சுற்று குறைத்தாள். எஞ்சின் தணிந்தது. காதில் துடிப்பும் தணிந்தது.

"குளுருதுக்கா."

கூட்டினாள்.

"இப்ப ஒதைக்குது."

இன்னொரு தடவை குறைத்துப் பார்க்க அவளுக்குக் கை வரவில்லை. ஒயரை மாட்டி, பானெட்டைச் சாத்திவிட்டு, மூட்டத்துக்குள் மறைந்துவிட்ட வளைவைப் பார்த்து நின்றாள். பயந்தாள்தான். பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"நிறுத்தலன்னுதானே கோவம்? சரி. இனிமே நிறுத்தவே மாட்டேன். இன்னா பண்ணுவியோ பண்ணு."

இருட்டுவதற்குள் கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வாசலில் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்த செல்வியிடம் தமிழரசன் ஓடிவந்தான்.

"கொழந்த நல்லா கீறா அண்ணி. மூணு மூச்சு வுட்டு ஒரு மூச்சு நிக்குது, அவ்ளோதான். டாக்டரு பாத்துக்கினு கீறாரு."

வாட்ச்மேன் வண்டியை ஆஃப் பண்ணச் சொல்லி அலுத்துப்போனார். செல்வி அசையவில்லை. தமிழரசனைக் கேனில் பெட்ரோல் வாங்கிவரச் சொல்லி ஓடும் வண்டியிலேயே ஊற்றினாள், ரேடியேட்டரைத் தண்ணீரால் நனைத்தாள், சாவிமேல் கைவைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மதியம். வெயில் பளீரென்று அடித்தது.

வண்டி இரண்டு அடி அடித்தது. இரண்டை விட்டது.

அவள் பானெட்டைத் தூக்கினாள். இரண்டாவது ஒயரைப் பிடுங்கினாள். மாற்றமில்லை. ஸ்குரூ டிரைவரை ஊன்றினாள். காதை வைத்தாள்.

நிதானமான துடிப்பு. கனமானது. வளர்ந்த ஆளுடையது.

தனுஷா? பதறி நிமிர்ந்தாள். மாடி ஜன்னலில் தனுஷா குழந்தையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். கன்னத்தில் நல்ல ரத்த ஓட்டம்.

செல்வி தன் மணிக்கட்டில் விரல் வைத்தாள்.

இல்லை.

கழுத்தில் வைத்தாள்.

அங்கேயும் இல்லை.

ஜன்னலைப் பார்த்துத் திரும்பச் சிரித்தாள். கேனின் மூடியைத் திருகினாள். டேங்கில் பெட்ரோலைச் சாய்த்த கை, நகம்வரை வெளுத்திருந்தது.

"ஓடு," என்றாள்.