திரும்பாத வீடு

வரைபடத்தில் தெரு முழுக்கத் திரும்பியது. ஒரு வீடு மட்டும் திரும்பவில்லை.

மூன்று நாளாக அவளுக்கு இதே தலைவலி. திரையில் சாய்வாகத் தெரியும் தெருவைப் பன்னிரண்டு டிகிரி திருப்பி நேராக நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒவ்வொரு புள்ளியையும் நடுப்புள்ளியைச் சுற்றித் திருப்ப நான்கு வரி நிரல் போதும். கல்லூரிப் பிள்ளைகூட எழுதிவிடும். சோதிக்கத் தெரிந்த இடமாக இருக்கட்டுமே என்று தன் தெருவையே எடுத்திருந்தாள். முரண்டு பிடித்தது அவள் வீடு.

கோணத்தை மாற்றினாள். நடுப்புள்ளியை நகர்த்தினாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. அவள் வீடு அசைந்து கொடுக்கவில்லை.

குழுத் தலைவரைப் போனில் அழைத்தாள்.

“எனக்கு எல்லாமே சரியாத் திரும்புதேம்மா. உங்க மெஷின்லதான் மக்கர் பண்ணுது. நாலு மணிக்கு அனுப்பியாகணும்.”

“அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் தனியா ஒரு வரி போட்டுத் திருப்பிடட்டுமா சார்?”

“எதையாவது பண்ணுங்க.”

உள்ளறையில் நான்கு வயது மகள் மதியத் தூக்கத்தில் இருந்தாள். அவள் எழுவதற்குள் முடித்தாக வேண்டும். தன் வீட்டுக்கென்று தனி வரி போட்டாள். பன்னிரண்டுக்கு அசையாததை, வந்த ஆத்திரத்தில், தொண்ணூறு என்று அடித்து ஓட்டினாள்.

வீடு திரும்பியது.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தபோதுதான், காலையிலிருந்து இடது காதில் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த உள்ளறை மின்விசிறி இப்போது முதுகுக்குப் பின்னால் கிறீச்சிடுவதையும், விசைப்பலகை மேல் கிடந்த வெயில் பிடரிக்கு நகர்ந்து அவள் தலையின் நிழலையே திரையில் விழவைத்திருப்பதையும், எங்கிருந்தோ ஈரச் சிமெண்ட் வாடை வருவதையும் உணர்ந்தாள்.

எழுந்துபோய் உள்ளறைக் கதவைத் தள்ளினாள்.

செங்கல் சுவர். சாந்து இன்னும் காயவில்லை.

“அம்மா.”

சுவருக்கு அந்தப்புறம். தூக்கம் கலைந்த குரல். முழங்கால் உயரத்தில் சின்னக் கை தட்டியது.

“இருடா கண்ணு. அம்மா இதோ வந்துட்டேன்.”

ஓடிவந்து அந்த வரியை அழித்தாள். சுழியம் என்று அடித்து ஓட்டினாள். திரையில் வீடு நிற்கவில்லை. தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றிரண்டு. கணினியின் ஒயரைப் பிடுங்கினாள். தொண்ணூற்றைந்து.

தட்டும் சத்தம் நகர்ந்தது. கதவுப் பக்கமிருந்து அலமாரிப் பக்கம். அங்கே ஓடினாள். அதற்குள் ஜன்னல் பக்கம். சுவரில் கையை வைத்துக்கொண்டே சத்தத்தின் பின்னால் போனாள். எட்டவில்லை.

“அம்மா, நீ ஏம்மா சுத்திக்கிட்டே இருக்க? நில்லும்மா.”

நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அறை நடுவில்.

நான்கு சுவரிலிருந்தும் ஒரே நேரத்தில், முழங்கால் உயரத்தில், சின்னக் கைகள் தட்டின.