உள்ளே விடும், வெளியே விடாது

சாவியைக் கொடுக்கும்போது புரோக்கர் சொன்னது ஒரே விஷயம்தான். பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணும், கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு திருக வேண்டும். வீட்டைப் பற்றி வேறு ஒரு வார்த்தை இல்லை. பூச்சி அரித்த கதவைக்கூடத் தேக்கு என்று அடித்துவிடுகிற மனிதர் ஒரு வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். திரைச்சீலைக்காரிக்கு அன்று சந்தேகப்பட நேரமில்லை.

ஜன்னல் திரை தைப்பதும் அவள்தான், வீடு வீடாகப் போய் ஏணி போட்டு மாட்டுவதும் அவள்தான். வீட்டில் அவளும் மகளும் மட்டும். பகலில் மகள் குழந்தைகள் காப்பகத்தில் இருப்பாள். எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பதால் சுண்டெலி என்று பெயர். காப்பகத்து அம்மா நல்லவர்தான், ஆனால் ஆறு மணிக்கு மேல் பொறுக்க மாட்டார். போன தடவை இவள் பிந்தியபோது பிள்ளைக்குச் செருப்பை மாட்டி, வாசல் படியில் உட்காரவைத்துவிட்டு, பூட்டிக்கொண்டு போய்விட்டார். லாரி போகிற தெரு. மூன்று வயதுப் பிள்ளை. அன்று ஓடிவந்து மகளை அள்ளிய நொடியை இவள் இன்னும் மறக்கவில்லை.

அதனால் மத்தியானமே வந்துவிட்டாள். வீடு வீடாக வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்டைத் திறக்குமுன் தாழ்ப்பாளை நன்றாக ஆட்டிச் சத்தம் எழுப்பிவிட்டு, ஓட வசதியாக ஒரு காலைப் பின்னால் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். இங்கே கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' என்ற பலகை வேறு தொங்கியது. அவள் இரண்டு தடவை ஆட்டினாள்.

எதுவும் குரைக்கவில்லை.

உள்ளே வீடு துடைத்துவிட்ட மாதிரி காலி. புதுச் சொந்தக்காரர்கள் அடுத்த வாரம்தான் குடிவருகிறார்கள். எல்லா ஜன்னலுக்கும் கட்டைவிரல் கனத்தில் கம்பி. பின்கதவுக்கு வெளியே கம்பிக்கதவு, அதில் பூட்டு. மாடிப்படிக் கதவிலும் புதுப் பூட்டு. இவ்வளவு பயந்து வாழ்ந்தவர் யாரோ என்று நினைத்துக்கொண்டே ஏணியை விரித்தாள். முன்வாசலை ஒட்டி, தரை ஓடுகளில் ஓர் இடம் மட்டும் பளபளப்புப் போய் மங்கிக் கிடந்தது. ஒரு பெரிய உடம்பு வருஷக்கணக்கில் அங்கேயே படுத்துப் படுத்துத் தேய்த்தது போல.

முதல் ஜன்னலுக்குத் திரைக்கம்பி பொருத்தும்போதே அந்த வாடை வந்தது. நனைந்த நாயின் வாடை. வெளியே சுள்ளென்று வெயில்.

மூன்றாவது ஜன்னலில் கொக்கி தீர்ந்தது. மீதி ஸ்கூட்டரில் இருந்தது. ஏணியிலிருந்து இறங்கி வாசலை நோக்கி நடந்தாள்.

உர்ர்ர்.

தண்ணீர் மோட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். நின்றாள். சத்தமும் நின்றது. சரி, மின்சாரம் போயிருக்கும் என்று அடுத்த அடி வைத்தாள்.

உர்ர்ர்ர்.

இது மோட்டார் இல்லை. தரைக்கு ஒட்டினாற்போல, ஓர் அகலமான நெஞ்சிலிருந்து வருகிற சத்தம். பின்னால் ஓர் அடி எடுத்தாள், அடங்கியது. முன்னால் வைத்தாள், கூடியது. வாசலுக்கும் அவளுக்கும் நடுவில் வெறும் தரைதான் இருந்தது. அதில் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

கைக்குக் கிடைத்த துணிக்கட்டைத் தூக்கி வாசல் பக்கம் எறிந்தாள்.

கட்டு வாசலைத் தொடவில்லை.

பாதி வழியில், அவள் முழங்கால் உயரத்தில், காற்றிலேயே நின்றது. ஒரு முறை உதறப்பட்டது. பிறகு தரையில் விழுந்தது. திரைக்கம்பியை நீட்டி அதை இழுத்துப் பார்த்தாள். துணி ஈரமாக இருந்தது. அவள் நடுவிரல் நுழைகிற அளவுக்கு நான்கு ஓட்டைகள்.

சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு புரோக்கரை போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்த வீட்ல நாய் இருக்கா?"

"காலி வீட்டுக்கு ஏதும்மா நாய்?" என்று சிரித்தார்.

"வாசல்கிட்டப் போனா உறுமுது. கண்ணுக்குத் தெரியலை. சத்தியமாச் சொல்றேன்ணே, துணியைக் கடிச்சிடுச்சு."

சிரிப்பு நின்றது.

"பெயின்ட் அடிக்க வந்தவனும் இதைத்தான் சொன்னான்," என்றார். "குடிச்சிருக்கான்னு நினைச்சேன். மாடியிலேர்ந்து குதிச்சுக் காலை உடைச்சுக்கிட்டான். அதனாலதான் மாடிக் கதவைப் பூட்டிவெச்சேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க! சாவியோட வாங்கண்ணே. ஆறு மணிக்குள்ள நான் என் பிள்ளையைக் கூப்பிடப் போகணும்."

"நான் வெளியூர்ல இருக்கேம்மா. வந்தாலும் என்ன? உள்ள வந்தா நானும்ல மாட்டிக்குவேன்?" குரல் இறங்கியது. "அது உள்ள விடும்மா. வெளிய விடாது. அப்படித்தான் பழக்கினாரு."

அவர் மென்று விழுங்கிச் சொன்னது இதுதான். முன்பு அந்த வீட்டில் இருந்தவர் ஒரு மரக்கடை முதலாளி. ஒரு தடவை திருட்டுப் போனதும் ராட்வைலர் என்ற முரட்டு இனத்து நாயை வாங்கினார். வைத்த பெயர் சிப்பாய். வருகிறவனைத் தடுக்காதே, போகிறவனை மறி என்று பழக்கினார். திருடன் கையும் களவுமாக மாட்ட வேண்டும் என்று ஆசை. அவர் ஒரு வார்த்தை சொன்னால்தான் அது வழி விடும். அந்த வார்த்தையைப் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லவில்லை. அதன் காதோடு குனிந்து சொல்லுவாராம்.

ஒரு நாள் அவசர வேலை என்று நாயைக் காவலில் வைத்த கையோடு கிளம்பிப் போய்விட்டார். பின்னாலேயே சமையல்கார அம்மா வழக்கம்போல உள்ளே வந்தாள். அன்று பகல் முழுதும் வெளியே வர முடியாமல் அடுப்படியில் நின்றாள். சாயங்காலம் தலை சுற்றி, தட்டுத்தடுமாறி வாசலுக்கு வந்தாள்.

"வலது கை போச்சு. தெருவே கூடிடுச்சு. முதலாளி வந்தாரு. அந்த இனமே அப்படித்தான், கொலைகார ஜாதின்னு சொல்லிட்டாரு. அப்பவே நாய் டாக்டரை வரவழைச்சு அதை ஊசி போட்டுக் கொன்னாச்சு. நானும் அங்கதான் நின்னேன். அது வாசல்லயே உட்கார்ந்து அவரு முகத்தையே பார்த்துக்கிட்டிருந்துச்சும்மா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எழுந்து வந்திருக்கும். சொல்லலை."

"ஏன்?"

"சொன்னா, இவரு சொல்லித்தான் அது நின்னுச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சிடுமே."

திரைச்சீலைக்காரி தரையைப் பார்த்தாள். அந்த மங்கிய இடத்திலிருந்து பெருமூச்சு ஒன்று வந்தது. வேலை முடியாமல் களைத்துப்போன பெருமூச்சு. பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு மனசு பிசைந்தது. செத்த பிறகும் காவல் தீராத பிராணி.

முதலாளியின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் பட்டென்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி வைத்தார். ஜன்னல் கம்பிகளின் நிழல் நீண்டு எதிர்ச்சுவரில் ஏறியிருந்தது. சுண்டெலிக்கு இந்நேரம் செருப்பு மாட்டுவார்கள். மனசைத் திடப்படுத்திக்கொண்டு வாசல் பக்கம் ஓர் அடி வைத்துப் பார்த்தாள். உறுமல் எழுந்தது. அவள் சேலை முந்தானையை எதுவோ கவ்விப் பின்னால் இழுத்தது.

கிழிக்கவில்லை. எச்சரித்தது.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். ஒருவழியாக எடுத்தார்.

"யாரும்மா நீ? பணம் பறிக்கப் பார்க்கிறியா?"

"பணம் வேணாங்க. அந்த வார்த்தையைச் சொல்லுங்க. என் பிள்ளை தெருவுல தனியா உட்கார்ந்திருக்கும்."

"நாய் செத்து வருஷமாச்சு. அந்த இனத்துக்கே புத்தி கிடையாதும்மா. கடிக்கிறது ரத்தத்துலயே இருக்கு."

"ரத்தத்துல இல்லீங்க. உங்க வாய்லதான் இருக்கு. நீங்க எழுந்துக்கோன்னு சொல்லலை, அது எழுந்துக்கலை. அவ்வளவுதான்."

அவர் ஏதோ கத்த ஆரம்பித்தார். அவள் ஸ்பீக்கரைப் போட்டுப் போனைத் தரைப்பக்கம் நீட்டினாள். அவர் குரல் காலி அறையில் எதிரொலித்தது.

உறுமல் சட்டென்று அறுந்தது.

தொப்.

தொப். தொப். தொப்.

ஒரு கனத்த வால் தரையில் அடிபடுகிற சத்தம்.

மறுமுனையில் அவரும் கேட்டிருக்க வேண்டும். கத்தல் பாதியில் நின்றது.

"அது என்ன சத்தம்?" என்றார்.

"உங்க குரலைக் கேட்டு வாலை ஆட்டுதுங்க."

அவர் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, காதோடு சொல்வதுபோல, வெட்கப்பட்ட ஒரு சின்னக் குரல்.

"பஞ்சுமிட்டாய்."

மரக்கடை முதலாளிக்கு அதை நாலு பேர் முன்னால் சொல்ல ஏன் கூச்சம் என்று அவளுக்குப் புரிந்தது. அந்தக் கூச்சத்துக்கு ஒரு கையும் ஓர் உயிரும் போயிருக்கின்றன. சிரிக்கவா முடியும்?

நகங்கள் தரையில் உரசின. எழுந்தது. அவள் முழங்காலைச் சொரசொரப்பான ரோமம் தேய்த்துக்கொண்டு போனது. கையிலிருந்த போன் அருகே வெதுவெதுப்பான மூச்சு பட்டது. அதன் கண்ணாடி மேல் ஆவி படர்ந்தது. ஈர மூக்கு ஒன்று அதை மோந்து பார்த்தது. ஒரு முறை. இன்னொரு முறை.

பிறகு எதுவும் இல்லை. வாடைகூட இல்லை.

அவள் ஏணியையும் எடுக்கவில்லை, துணியையும் எடுக்கவில்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒரே ஓட்டம். வாசலைத் தாண்டினாள். எதுவும் மறிக்கவில்லை. ஸ்கூட்டரை எப்படிக் கிளப்பினாள், எந்தத் தெருவில் திரும்பினாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

காப்பகம் பூட்டியிருந்தது. படியில் சுண்டெலி, செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, பிஸ்கட்டைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரைச்சீலைக்காரி பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு விம்மினாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. போகட்டும். பிள்ளை கையில் இருக்கிறது, வேறென்ன வேண்டும்.

"அம்மா," என்றாள் சுண்டெலி, தோளில் தாடையை வைத்தபடி. "உன் பைக்குள்ள யாரு பஞ்சுமிட்டாய், பஞ்சுமிட்டாய்னு கத்துறாங்க?"

போனை அவள் வைக்கவே இல்லை. வெளியே எடுத்தாள்.

"பஞ்சுமிட்டாய்!" முதலாளியின் குரல் கிறீச்சிட்டது. "பஞ்சுமிட்டாய்! போ! விடு! பஞ்சுமிட்டாய்!"

"ஐயா, என்ன ஆச்சு?"

"வந்துடுச்சு." குரல் கிசுகிசுப்பாக உடைந்தது. "இங்க வந்துடுச்சும்மா. வாசல்ல படுத்திருக்கு."

"கதவைத் திறந்து வெளிய ஓடுங்க!"

"கதவு திறந்துதான் இருக்கு."

அவர் ஓர் அடி வைத்திருக்க வேண்டும். அந்த உறுமல் அவளுக்கு நன்றாகக் கேட்டது. அவளுக்குத் தெரிந்த உறுமல்.

"ஐயா, நகராதீங்க. அதட்டாதீங்க. கோபமா சொல்லாதீங்க, மெதுவா சொல்லிப் பாருங்க."

அவர் அழுதுகொண்டே, கெஞ்சிக் கெஞ்சி, காதோடு சொல்வது போலச் சொன்னார். அது வாசலை விட்டு எழுந்த சத்தம் வரவில்லை. அதற்கு அவர் மேல் கோபம் இருந்த மாதிரியும் தெரியவில்லை. இத்தனை நாள் காத்துக் கிடந்தது, எஜமானன் கிடைத்துவிட்டான். இனி விடுமா?

அவர் அந்த வார்த்தையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும், தரையில் வால் அடிபட்டது.

தொப். தொப். தொப்.