கிறுகிற சீட்

மழையில் நனைந்து வேலை கொண்டுவந்தவன் சிரிக்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

கல்முனையில் அபுல் ஹஸனின் வாகனச் சீட் வேலைத்தளத்தைத் தெரியாதவர் இல்லை. மாரி மழை கொட்டிய அந்த மத்தியானம் அவருடைய மகள் றுஸ்னா தையல் மெஷினில் குனிந்திருந்தாள். சொட்டச் சொட்ட நனைந்தபடி ஒருவன் உள்ளே வந்தான். வாசலில் அவனுடைய வேன். வேனா அது... கட்டில், அலுமாரி, அடுப்பு என்று உள்ளே ஒரு குட்டி வீடே இருந்தது!

"பாஸ் ஒருத்தரையும் காணல்லியே?"

"நான்தான் பாஸ்."

அவன் சிரித்துவிட்டான். "வேனில டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்ட உள்பக்கம் சுத்திக் கிறுகிற மாதிரிப் பூட்டோணும். சுத்துற தகடும் வெளிநாட்டிலிருந்து எடுத்து வெச்சிரிக்கன். உங்களால ஏலுமா?"

ஏலுமாவா?... றுஸ்னா வெடுக்கென்று நிமிர்ந்தாள். அவன் இமையில் மழைத்துளி ஒன்று விழட்டுமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கண்களைக் கண்டதும் அவன் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. 'நல்லா வேணும்!' என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்தத் துளியை இன்னும் கொஞ்சம் பார்த்தாள்...

"வேன உள்ளுக்கு எடுங்க. ஏலுமா ஏலாதா எண்டு பொறகு கதைப்பம்."

அன்று வாப்பா ஒரு வாக்குக் கொடுத்தார். "மகள், இந்த வேல முழுக்க உன்ட. நான் கிட்டயும் வரமாட்டன். சரி வந்தா போர்டுல உன்ட பேரும் ஏறும்." றுஸ்னாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கல்முனையில் எந்த வேலைத்தளத்துப் பலகையில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது?

அவன் பெயர் இஹ்ஸான். ஊர் நிந்தவூர். வேனுக்குள் எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்தவன். வேலை பார்க்கிற சாட்டில் நாளாந்தம் வந்து நின்றான்.

"முன் சீட்டு ஆருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எனக்கு வேண்டிய ஆளுக்கு."

ஓ... வேண்டிய ஆளா? சும்மா கிடந்த நூலை அவள் நறுக்கென்று வெட்டினாள்.

சீட்டைப் பூட்டியாயிற்று. இருந்து பார்க்க வேண்டும். அங்கேதான் வந்தது வினை. ஓட்டுபவனுக்குப் பக்கத்து சீட் பெண்சாதியின் இடம். குமர்ப்பிள்ளை ஒருத்தி அந்நிய வாலிபனின் வேனில் அங்கே ஏறி இருந்தால், பின்னேர அஸர் தொழுகைக்கு முன்பே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். வாப்பாவை இருக்கச் சொல்லியிருக்கலாம், ரோசம் விடவில்லை. கீழே நின்றே கையால் சுற்றிப் பார்த்தாள். வெறும் சீட் பம்பரமாய்ச் சுற்றியது. போல்ட்டுகளை இறுக்கிவிட்டாள்.

வேனை எடுக்க வந்த அன்று அவனோடு அவன் தாய் சல்மா உம்மாவும் வந்தார். முன் சீட்டில் ஏறி அமர்ந்தவரைப் பார்த்ததும் றுஸ்னாவுக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. வேண்டிய ஆள் உம்மாதானா!... அந்தச் சந்தோசத்தில் சீட்டை வேகமாகவே திருப்பினாள்.

டொக்!

"யா அல்லாஹ், என்ட முழங்கால்!"

திரும்பும்போது கால் முன்பலகையில் இடித்துவிட்டது. சத்தம் கேட்டு வாப்பா ஓடிவந்தார்.

"தகடு பிழை, மாமா," இஹ்ஸான் முந்திக்கொண்டான். "நான் எடுத்த தகடு சரியில்ல. மகள்ர வேலையில ஒரு குறையுமில்ல."

விட்டுவிடுங்களேன் என்று அவன் கண்கள் அவளைக் கெஞ்சின. ஓம் என்று தலையாட்டினால் போதும், போர்டில் பெயர் ஏறிவிடும். றுஸ்னாவின் கழுத்து ஆடவில்லை.

"இல்ல வாப்பா. தகடு நல்ல தகடு. ஆள் இருந்து பாக்காம முடுக்கினது நான். பிழை என்ட."

"ஏன் மகள், இருந்து பாக்கல்ல?"

"அவர்ர வேன்ல... முன் சீட்ல... நான் எப்பிடி வாப்பா இருக்கிற?"

முழங்காலைத் தடவிக்கொண்டே சல்மா உம்மா விழுந்து விழுந்து சிரித்தார். வாப்பா மகளையே பார்த்தார். அவர் முகத்தில் பெருமை வழிந்தது. "வேலையத் திருத்து. பேர் எழுதுறவனுக்கு இண்டைக்கே சொல்றன்," என்றவர், உம்மாவைத் தேநீருக்கு உள்ளே அழைத்துப்போனார்.

மழை மறுபடி பிடித்தது. றுஸ்னா போல்ட்டுகளைக் கழற்றினாள். இஹ்ஸான் வேன் கதவோரம் நின்றான்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"உங்கட தல குனியிறதப் பாக்க எனக்கு ஏலாது..."

"என்ட தல குனியல்லியே."

"ஓம்... அதத்தான் பாத்துக்கிட்டு நிக்கன்."

அவள் தகட்டின் மேல் குனிந்தாள். "தகட்டப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டோணும். உம்மாட கால் அளவு வேணும்," என்றாள் அவசரமாக.

"உம்மா பின்னால கட்டில்ல சாய்ஞ்சிட்டு வாறதாம். இண்டைக்கு அவங்க சீட்டுப் பாக்க வரல்ல, உங்களப் பாக்கத்தான் வந்த." அவன் குரல் இறங்கியது. "உங்கட அளவுக்குப் பூட்டுங்க றுஸ்னா. வந்த அண்டைக்கே என்ட மனசு இஞ்ச நிண்டுட்டு..."

"எங்கட பக்கத்தில மாப்பிள்ளதான் பொண்ணூட்டுக்கு வந்து குடியிருக்கோணும். தெரியும்தானே?"

"வந்துதானே நிக்கன்!"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசி போல்ட்டையும் கழற்றினாள். சீட்டைத் தூக்கி வேலைத்தளத்துக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

"என்ன செய்றீங்க? பக்கத்து சீட் இல்லாம நான் எப்பிடி ஓட்டிப் போற?"

"இது இல்லாமலே ஓட்டுங்க," நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தாள். "எனக்கும் உங்களப் புடிச்சிரிக்கி... நிக்காஹ் முடிஞ்ச அண்டைக்கு நானே இருந்து பாத்துப் பூட்டுவன். அது வரைக்கும் உங்களுக்குப் பக்கத்தில ஒருத்தரும் இருக்கப்படாது!"