அசல் பள்ளம்

யாரும் உட்காராத நாற்காலியின் இருக்கை காலையில் வெதுவெதுப்பாக இருந்தது.

தூசி தட்டப் போன நீவெஸ் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். பக்கத்துச் சுவரிலிருந்த வெப்பக் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். அது இன்னும் சூடேறவில்லை. வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. ஜன்னலுக்கு வெளியே மிலான் நகரம் நவம்பர் மூடுபனிக்குள் கிடந்தது, கீழே போகும் டிராமின் மணி மட்டும்தான் மேலே வந்தது. பழைய தோல் என்றால் அப்படித்தான் என்று மனதைத் தேற்றினாள். முப்பது வருடம் நாற்காலிக் கடையில் நின்று விற்றவள் அவள். தோல் அப்படியில்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

நாற்காலிகளை வாங்கியதே கணவனுக்காகத்தான். இதய அறுவை முடிந்து ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த துல்லியோ அன்று மதியம் வீடு திரும்புகிறான். பகலெல்லாம் சாய்ந்து உட்கார வேண்டும், படுத்தே கிடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உயிரோடு வந்து சேரட்டும், அப்புறம் அவனை யாரிடமும் விடமாட்டேன் என்று அந்த ஆறு வாரமும் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

மிலானுக்குப் பக்கத்து ஊரான லிஸ்ஸோனேவில் பழைய சாய்வு நாற்காலிகள் விற்கும் ஜெர்வாசோவிடம் போன சனிக்கிழமை போயிருந்தாள். அறுபதுகளில் செய்த ஒரு ஜோடி, தேன் நிறத் தோல், முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது. ஒன்றில் யாரோ ஒரு ஆண் பல வருடம் உட்கார்ந்து பதிந்த அகலமான பள்ளம். மற்றதில் சின்னதாக ஒரு பெண்ணின் பள்ளம்.

"உள்ள இருக்கற பஞ்சை மட்டும் மாத்திக் குடுத்துடறேன் சின்யோரா. வெளியில தெரியவே தெரியாது" என்றார் ஜெர்வாசோ.

"அசலைக் கெடுக்கவா உங்ககிட்ட வந்தேன்? ஒரு தையல் பிரியக் கூடாது."

"பள்ளம் கெடக்கே?"

"அதானே அழகு! புதுப் பஞ்சு வெச்சா அப்புறம் அது வெறும் நாற்காலி. கடையில எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பேன் நான்."

அவர் ரசீதை எழுதிக் கொடுத்தார். கொண்டுவந்து இறக்கியவர்கள்தான் மூன்றாவது மாடிக்கு ஏறுவதற்குள் மூச்சுவாங்கிப்போனார்கள். பார்க்கச் சின்ன நாற்காலி, ஆனால் ஒன்றைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. "ஏன் மேடம், யாராவது உக்காந்திருக்காங்களா என்ன?" என்று ஒருவன் கேலி செய்தான். அவளும் சிரித்தாள்.

மதியம் துல்லியோ வந்தான். பாதியாகியிருந்தான். சின்ன வயதில் எலும்பு முறிந்து ஒட்டியதால் அவனுடைய இடது தோள் எப்போதும் சற்றுத் தாழ்ந்திருக்கும். இப்போது இன்னும் தாழ்ந்து தெரிந்தது. அகலமான பள்ளமிருந்த நாற்காலியில் அமர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டான்.

"அடேயப்பா. யாரோ எனக்காகச் சூடு பண்ணி வெச்சிருக்காங்க நீவெஸ்."

கைப்பிடியை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினான். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் வந்து உட்காரச் சொல்ல அவன் தட்டுவது அப்படித்தான். எதிர் நாற்காலியைக் கண்ணால் காட்டினான்.

"அடுப்புல சூப் இருக்கு, பொங்கிடும். அப்புறமா" என்று அவள் உள்ளே போனாள்.

அந்த அப்புறம் வரவேயில்லை. ஏனென்று அவளுக்கே தெரியவில்லை. எதிர் நாற்காலியை நெருங்கும்போதெல்லாம் ஆரஞ்சுப் பழத்தோலும் பழைய பவுடரும் கலந்த வாசனை ஒன்று எழுந்து வந்தது, அந்த வீட்டில் யாரும் போடாத பவுடர், கூடவே இருக்கையின் அடியில் மெல்லிய ஒரு முனகல், கம்பிச்சுருள் முனகுவதாக அவள் வைத்துக்கொண்டாள், ஆனால் யாரும் உட்காராதபோது கம்பி எதற்கு முனக வேண்டும் என்ற கேள்வி கூடவே வந்தது. அவள் நின்றபடியே காபி குடித்தாள்.

மூன்றாம் நாள் துல்லியோவை எழுப்பி நிறுத்தக் கைகொடுத்தாள். கொடியிலிருந்து சட்டையை எடுப்பதுபோல் வந்துவிட்டான். பயந்துபோய்க் கீழே பார்த்தாள். இருக்கையிலும் முதுகிலும் இருந்த அந்த அகலமான பள்ளத்தைக் காணவில்லை. அங்கே ஒடுங்கிய பள்ளம் ஒன்று இருந்தது, இடது தோள் பக்கம் தாழ்ந்து.

"கட்டில்ல படு துல்லியோ. கொஞ்ச நேரம்."

"வேண்டாம்டி. இங்கதான் வலி இல்ல." குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல இருந்தது. "நீயும் உட்காரு. எத்தனை நாளா நின்னுக்கிட்டே இருக்கே."

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. அவள் சமையலறைக்குப் போய் ஜெர்வாசோவுக்கு போன் செய்தாள். நாளைக்கே வந்து எடுத்துப்போகச் சொன்னாள். கைப்பிடியில் இரண்டு தட்டு கேட்டது. வரேன் என்று குரல் கொடுத்தாள்.

"இது யார் வீட்டு நாற்காலி ஜெர்வாசோ? உண்மையைச் சொல்லுங்க."

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர், சின்யோரா. எங்க போனாங்கன்னு யாருக்கும் தெரியல. கதவு உள்பக்கம் பூட்டியிருந்துச்சு. மேசையில ரெண்டு காபிக் கோப்பை. நாற்காலி ரெண்டும் எதிரெதிரா. பஞ்சை மாத்தறேன்னு அதுக்குத்தான் சொன்னேன். நீங்கதான் ஒரு தையலையும் தொடவிடல."

மறுபடி இரண்டு தட்டு.

அவள் போனைக் காதில் வைத்தபடியே கூடத்துக்கு ஓடினாள்.

விளக்கு எரிந்தது. போர்வை தரையில் கிடந்தது. நாற்காலிக்கு முன்னால் அவனுடைய செருப்புகள், குதிகால் பக்கம் நாற்காலியை ஒட்டி, கால்கள் மட்டும் நழுவிப்போனதுபோல.

துல்லியோ இல்லை.

குளியலறை. இல்லை. படுக்கையறை. இல்லை. வாசல் கதவின் சங்கிலி மாட்டியபடியே இருந்தது.

திரும்பி வந்தாள். பள்ளம் இருந்தது. ஆழமாக. இடது தோள் தாழ்ந்து. தொட்டாள். சூடு. அடியில் ஏதோ மெல்ல ஏறி இறங்கியது. ஆறு வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து அவள் எண்ணிய அதே மூச்சு.

"துல்லியோ" என்றாள். அழுகை வந்துவிட்டது.

"சின்யோரா? நீங்க உட்காரலையே? சின்யோரா?" போனில் ஜெர்வாசோ கத்திக்கொண்டிருந்தார்.

எதிர் நாற்காலியைப் பார்த்தாள். பவுடர் வாசனை போயிருந்தது. அந்தப் பெண்ணின் பள்ளமும் போயிருந்தது. இருக்கை உப்பி, வழவழப்பாக, புதிதாக, அவளுக்கென்றே ஒதுக்கிவைத்ததுபோல இருந்தது.

இந்தப் பக்கம், கைப்பிடியின் தேன் நிறத் தோல் உள்ளிருந்து ஐந்து விரல்களின் வடிவில் புடைத்தது. தாழ்ந்தது.

இரண்டு தட்டு.