நாற்பத்தைந்து சென்டிமீட்டர்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அந்தப் பழைய ஸ்டுடியோவுக்கு வழி கேட்டுக்கொண்டு போனபோது எனக்கிருந்த ஒரே பயம், லென்ஸை வேறு யாராவது வாங்கிக்கொண்டு போயிருப்பார்களோ என்பதுதான். பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறெதற்கோ பயப்படுவதில் எனக்கு இருபது வருட அனுபவம் உண்டு.

ஸ்டுடியோ நடத்திய அந்தோணிசாமி அதற்கு முந்தின மாதம்தான் இறந்திருந்தார். மகன் சகாயராஜ் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தான். உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாசம். அலமாரிகள் காலி. ஒரு மூலையில், ஸ்டூலின் மேல், வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளையைப் போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது அந்த லென்ஸ். அது பார்த்துக்கொண்டிருந்த சுவரில் மட்டும் உப்புப் பூத்திருந்தது. ஆள் உயரத்துக்கு, ஆள் அகலத்துக்கு. மற்ற மூன்று சுவர்களும் சுத்தம்.

"எத்தன வாட்டி பெயிண்ட் அடிச்சாலும் நிக்க மாட்டேங்குது சார்," என்றான் சகாயராஜ், நான் கேட்காமலே.

உப்பளத்து ஊரில் சுவர் உப்புப் பூக்காமல் மல்லிகையா பூக்கும் என்றேன். அவன் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு யாரும் சிரிக்காதது வழக்கம் என்பதால் அதை ஓர் அறிகுறியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அது ஜப்பான் லென்ஸ். படிக்கல் மாதிரி கனம். இந்தக் காலத்து லென்ஸ்போலத் தானாக ஃபோகஸ் பிடிக்காது. எந்தத் தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரிய வேண்டுமோ, அந்தத் தூரத்துக்கு ரிங்கைக் கையால் திருப்ப வேண்டும். மிகக் கிட்டத்துக்கு 0.45 மீட்டர் என்று பொறித்திருந்தது. அதாவது நாற்பத்தைந்து சென்டிமீட்டர். ரிங்கை அந்த இடத்தில் நிறுத்திக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் நாலு சுற்றுச் சுற்றியிருந்தார் கிழவர். ரிங் லூஸாகிவிட்டது போல என்று நினைத்து, கிளியனூரில் வீட்டுக்கு வந்ததும் டேப்பைப் பிய்த்து, பிசினைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன். லூஸ்தான். கையை எடுத்தால் ரிங் தானாகத் தூரத்துப் பக்கம் நகர்ந்து போய் நின்றது. உள்ளே கிரீஸ் உருகியிருக்கும்.

இன்னொரு தப்பும் செய்தேன். பழைய லென்ஸ் புதுக் கேமராவில் உட்கார நடுவில் ஓர் அடாப்டர் வளையம் வேண்டும். அதில் கஞ்சத்தனம் பண்ணினேன். வந்த வளையம் மயிரிழை தடித்திருந்தது. அதனால் ரிங்கைக் கடைசிவரை திருப்பினாலும் பத்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாக விழவில்லை. பத்து மீட்டருக்கு அப்பால் நமக்கென்ன வேலை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் மனைவி சூர்யகலாவின் தங்கை இலக்கியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முன்கூட்டியே எடுக்கும் ஜோடி போட்டோக்கள், அவளுக்கு மாமாவான என் பரிசு. மரக்காணம் உப்பளத்தில், காலை ஆறரை மணி வெளிச்சத்தில் என்று திட்டம். மேக்கப் முடிந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. விடியலில் வேலைக்கு வந்தவர்கள் வேலையை முடித்துப் போய்விட்டார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளைப் பாத்திகள், கீற்றுப் போட்டு மூடிய உப்புக் குவியல்கள். ஈசிஆரில் போகிற பஸ்ஸின் ஹாரன் எங்கோ வேறு ஊரில் அடிப்பதுபோலக் கேட்டது. நிழல் என்று எங்களுடைய காலடியில் மட்டும் கொஞ்சம் கிடந்தது.

"ஏன் மாமா, கேமரா பேர டேப் போட்டு மறைச்சி வெச்சிருக்கீங்க?" என்றாள் இலக்கியா.

தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் என்றேன்.

"இருக்கறதுலயே சீப்பான மாடல்னு தெரிஞ்சிடும்னுதான?"

மாப்பிள்ளை ராஜ்கமல் மட்டும் மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான். நல்ல பையன்.

ஒரே ஒரு பாத்தியில் விரற்கடைத் தண்ணீர் நின்றது. வானம் முழுவதும் அதில் கிடந்தது. இருவரையும் செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் நடக்கச் சொன்னேன். நான் வரப்பில் நின்றேன். அவர்களுக்கும் எனக்கும் நடுவில் யாரோ மறந்துவிட்டுப் போன கூடை ஒன்று, இன்னும் கிட்டத்தில் உப்பு வாரும் பலகை ஒன்று. "இன்னும் கொஞ்சம் பின்னாடி," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் அடாப்டர் அனுமதிக்கும் கடைசித் தூரத்தில் போய் நின்றார்கள்.

இந்த மாதிரி லென்ஸுக்கென்று புதுக் கேமராவில் ஒரு வசதி உண்டு. எது தெளிவாக இருக்கிறதோ, அதன் ஓரமெல்லாம், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் சிவப்பாக மினுங்கும். ரிங்கைக் கடைசிவரை திருப்பினேன். இலக்கியாவின் புடவை ஓரம் சிவப்பானது. ராஜ்கமலின் தோள் சிவப்பானது.

இலக்கியாவின் காலடியில் ஒரு முதுகு சிவப்பானது.

கண்ணை எடுத்துப் பார்த்தேன். இருவர்தான். மறுபடி வைத்தேன். மூன்று பேர்.

குந்தி உட்கார்ந்திருந்தது. உள்ளே எதுவும் இல்லை, தண்ணீரும் வெயிலும்தான் தெரிந்தன. ஓரக்கோடு மட்டும் இருந்தது. வளைந்த முதுகு, அவிழ்ந்த கூந்தல், முழங்கை வரை சுருட்டிய சட்டை. உப்பள வேலைக்குப் பெண்கள் புடவைக்கு மேல் ஆண் சட்டை போட்டுக்கொள்வார்களே, அந்தச் சட்டை.

கானல் என்று சொல்லிக்கொண்டேன். காலையில் சாப்பிடாததையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன்.

"மாமா," என்றாள் இலக்கியா. "காலு வரல."

ராஜ்கமல் சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்தான். பிறகு சிரிக்காமல் இழுத்தான். அவள் கணுக்காலைச் சுற்றித் தண்ணீர் வற்றியிருந்தது. அங்கே வெள்ளையாக ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. உப்பு. பத்து நாள் காய வேண்டியது, கண்ணெதிரே கெட்டியாகிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கல்லு மாதிரி பிடிச்சிருக்குண்ணே. கொஞ்சம் வாங்க."

வியூஃபைண்டரில், அந்த உருவத்தின் இரண்டு கைகளும் அவளுடைய இரண்டு கணுக்கால்களையும் பற்றியிருந்தன.

கேமராவை வேறு பக்கம் திருப்பினேன். இலக்கியாவின் முனகல் நிற்கவில்லை. முன்னால் இரண்டடி போய்ப் பார்த்தேன், பின்னால் வந்து பார்த்தேன். பிடி விடவில்லை. வெள்ளை கெண்டைக்கால் வரை வந்திருந்தது. இலக்கியா அழவில்லை. மாமா ஏதாவது செய்வார் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையில் என்னை நம்பியது அதுதான் முதல் தடவை.

வியர்வையில் என் விரல் வழுக்கியது. ரிங் ஒரு நூல் கிட்டத்துப் பக்கம் நகர்ந்தது.

"ஒரு காலு வந்துடுச்சு," என்றாள்.

ரிங் தானாக மறுபடி கடைசிக்கு ஓடியது. வந்த கால் மறுபடி சிக்கியது.

அப்போதுதான் புரிந்தது. அது எனக்கும் அடங்கவில்லை, கேமராவுக்கும் அடங்கவில்லை. ரிங் எந்தத் தூரத்தைக் காட்டுகிறதோ, அந்தத் தூரத்தில் நின்றது. ரிங்கில் தூரத்துப் பக்கம் இன்னும் கொஞ்சம் இடம் இருந்திருந்தால் அவர்களைத் தாண்டி, பக்கிங்காம் கால்வாய்ப் பக்கமாகக் கொண்டுபோய் விட்டிருப்பேன். என் கஞ்சத்தனத்தால் அது பத்து மீட்டரோடு முடிந்துவிட்டது. லென்ஸை அடாப்டரோடு கழற்றி எறியலாம் என்றால், எறிந்த லென்ஸின் ரிங்கும் கடைசிக்குத்தான் ஓடும்; பிடி விடாது.

திருப்புவதற்கு ஒரே பக்கம்தான் இருந்தது.

என் பக்கம்.

திருப்பினேன்.

கூடையின் ஓரம் சிவப்பானது. அதன் பக்கத்தில் அது குந்தியிருந்தது. தூரத்தில் எல்லாம் மங்கிவிட்டதால் இலக்கியா ஒரு நிறக்கறையாகத் தெரிந்தாள். ராஜ்கமலின் குரல் மட்டும் கேட்டது. "வருதுண்ணே, வருது." விரலை எடுத்தால் ரிங் திரும்பி ஓடும் என்பது தெரிந்ததால் எடுக்கவில்லை.

பலகை சிவப்பானது. அது எழுந்து நின்றிருந்தது.

என் காலடி வரப்பில் இருந்த புல் சிவப்பானது.

பிறகு புல் இல்லை.

உப்புத் தண்ணீரில் ஊறிக் காய்ந்த துணியின் வாசம் வந்தது. அந்த உச்சி வெயிலில் என் விரல் முட்டிகள்மேல் குளிர்ந்த மூச்சு ஒன்று பட்டது. ரிங் முட்டி நின்றது. நாற்பத்தைந்து சென்டிமீட்டர்.

திரை முழுவதும் சிவப்பு. ஒவ்வோர் இமை மயிரும் தெரிந்தது. வெடித்த உதடு தெரிந்தது. புருவத்தில் உப்புப் பரல்கள். உதடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு கைகளும், எதையும் பிடிக்காமல், முன்னால் நீண்டிருந்தன. சேற்றில் சிக்கியவர்கள் பக்கத்தில் நிற்பவரின் காலைத்தானே பிடிப்பார்கள், மேலே ஏற? அவள் இலக்கியாவைக் கீழே இழுக்கவில்லை.

"என்னால கை குடுக்க முடியலம்மா," என்றேன். "மன்னிச்சிக்க."

ஒரு கையால் ரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கை நகத்தால் கேமராவின் பெயரை மறைத்திருந்த கறுப்பு டேப்பைக் கிளப்பினேன். பெயர் வெட்டவெளிச்சமானது. ரிங் நகராதபடி லென்ஸின்மேல் அழுத்தி ஒட்டினேன். கிழவரும் ஒரு நாள் இப்படித்தான் நின்றிருப்பார்.

அவர்கள் வரப்பேறி வந்தபோது இலக்கியாவின் கணுக்கால்களில் கொலுசு போட்டதுபோல இரண்டு வெள்ளை வளையங்கள். கேமராவைப் பார்த்ததும் சொன்னாள்: "மாமா, மானம் போச்சு. மாடல் தெரியுது."

அன்று சாயங்காலமே சகாயராஜுக்கு போன் செய்தேன். டேப்பை எடுத்துவிட்டீர்களா என்று கேட்டான்.

"எங்கப்பா அத சுவத்த விட்டு வேற பக்கம் திருப்ப விடமாட்டாரு சார். ஏன்னு கேட்டா எழுந்து போயிடுவாரு," என்றான். "திருப்பி மட்டும் குடுத்துடாதீங்க. எனக்குப் பொண்ணு இருக்கா."

கடலில் போட்டுவிடலாம் என்று எக்கியார்குப்பம் கரைவரை போனேன். அங்கே தங்கராசு என்பவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். போட்டோ எடுக்க வந்தீங்களா என்று கேட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டார். டேப் தண்ணீரில் எத்தனை நாள் நிற்கும்? பிறகு ரிங் ஓடிப்போய் எங்கே நிற்கும், அங்கே யார் இருப்பார்கள்? அவரைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிட்டு, லென்ஸோடு வீட்டுக்கே வந்தேன்.

மாடி அறையில், ஒரு சுவரைப் பார்த்தபடி, நாற்பத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி, அளவு டேப்பால் அளந்து வைத்தேன். பதினைந்தாம் நாள் சுவரில் உப்புப் பூத்தது. தண்ணீர்க் குழாய் கசிகிறது என்றார் வீட்டுக்காரர். நான் ஆமாம் என்றேன். அறைக்குள் போகும்போதெல்லாம், என்னம்மா, என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். பதில் சொன்னால் என்ன செய்வது என்று யோசித்துவைத்திருக்கவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை இலக்கியா வந்திருந்தாள். வயிற்றில் ஆறு மாதம். நான் கடையில் மீன் வாங்கிக்கொண்டு வந்து படியேறினால், மாடி அறை திறந்திருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. சுவர் பளிச்சென்று இருந்தது.

ஒரு பொட்டு உப்பு இல்லை.

"தொடச்சி விட்டேன்," என்றாள் சூர்யகலா. "குழாய ரிப்பேர் பண்ணிட்டாங்க போல, தொட்டதும் கொட்டிடுச்சு. அந்த லென்ஸும் பிசுபிசுன்னு கெடந்துது. டேப்ப எடுத்துட்டு ஷோகேஸ்ல வெச்சிருக்கேன். பாக்க அழகா இருக்குது."

ஹாலுக்கு ஓடினேன். ஷோகேஸில் லென்ஸ் கூடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பத்து மீட்டரில் தடுக்க அடாப்டரும் இல்லை. மிச்சமிருந்த பிசினில் ஒட்டி ஒட்டி, ரிங் மெதுவாகத் தூரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது, பாதி வழியில். எதிரே, மூன்று மீட்டர் தள்ளி, சோபாவில் இலக்கியா காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிங் நின்றது.

"மாமா, கை குடுங்க," என்றாள் சிரித்துக்கொண்டே. "ரொம்ப நேரமா உக்காந்துட்டேன். காலு மரத்துப்போச்சு."

மீன் பை எங்கே விழுந்தது என்று தெரியாது. லென்ஸை எடுத்து, என் முகத்தைப் பார்த்துத் திருப்பி, ரிங்கைக் கடைசி மட்டும் கிட்டத்துக்குச் சுற்றினேன். இலக்கியா எழுந்து, காலை உதறிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சோபாவுக்குக் கீழே, டைல்ஸில், இரண்டு வெள்ளை வட்டங்கள்.

ஈரத் துணி வாசம் வந்தது.

டேப் எங்கே என்று கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டேன், வண்டி வந்து எடுத்துப்போய்விட்டது என்றாள் சூர்யகலா. வேறு டேப் இருக்கிறதா என்று கேட்டேன். தேடிப் பார்க்கிறேன் என்று உள்ளே போனாள்.

ரிங்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் விரல்கள்மேல், குளிர்ந்து, சொரசொரவென்று, வேறு விரல்கள் வந்து பிடித்துக்கொண்டன.