கழற்றிப் போட்ட தகடு

கணக்குப் போடும் நோட்புக்கைத் திறக்க, லேப்டாப்பின் கருப்புக் கட்டளை ஜன்னலில் ‘ஜூபிட்டர் நோட்புக்’ என்று ஆர்த்தி அடித்ததும் வந்த முதல் வரியே சரியில்லை. அது திறக்க வேண்டிய வாசலான 8888-ஆம் போர்ட்டை ஏற்கெனவே யாரோ பிடித்திருக்கிறார்களாம். வேறு போர்ட்டில் திறக்கிறதாம். லேப்டாப் அவள் புருஷன் ராம்குமாருடையது. நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறை வெடித்து அவன் போன பிறகு இன்றைக்குத்தான் பீரோவை விட்டு வெளியே வந்திருக்கிறது.

அதிலுள்ள மருந்துக் கலவைக் கணக்குக்காகப் போனில் காத்திருந்தான், அவனோடு வேலை பார்த்த விக்னேஷ்குமார்.

“மைனி, முன்னாடியே திறந்து வச்சிருக்கீகளோ?”

“இப்பத்தானப்பா ஆன் பண்ணேன்.”

“கருப்பு ஜன்னலை மூடிருங்க. மூடினா எல்லாம் செத்துரும்.” சொன்ன பிறகு அவனுக்கே உறைத்தது. “அப்புறம் கூப்புடுதேன் மைனி” என்று வைத்துவிட்டான்.

மூடினாள். பிரவுசரில் இருந்த பக்கம் சாகவில்லை. காலிக் கட்டத்தின் ஓரத்தில், வேலை ஓடுகிறது என்பதற்கான நட்சத்திரக் குறி அப்படியே நின்றது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிக்கொண்டாள். வெளியே மழைக்கருக்கல். ஜன்னல் வழியே ஈர மண்ணோடு கந்தக வாசனையும் வந்தது. இந்த ஊரில் அது புதிதில்லை.

அப்போது மூடிய கதவுக்கு வெளியே, வாசல் நிலையில் ஒரு உள்ளங்கை உரசியது.

மருந்து அறைக்குள் போகுமுன் வாசலிலுள்ள செம்புத் தகட்டை வெறுங்கையால் தொட்டு, உடம்பிலிருக்கும் கரண்டை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பொறி போதும். கை பழகிப்போய் ராம்குமார் வீட்டு நிலையிலும் ஒன்றைத் திருகி வைத்திருந்தான். அன்றைக்கு மட்டும் அவன் தொடாமல் போனான் என்றார்கள். போன வாரம்தான், அதைப் பார்க்கச் சகிக்காமல், ஆர்த்தி கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டாள்.

கை தடவிக்கொண்டே இருந்தது. தகடு இருந்த உயரத்தில். கொஞ்சம் மேலே. கீழே.

கட்டத்தில் எழுத்து விழுந்தது. தகடு எங்க?

ஓடிப்போய் எடுத்து வந்திருக்கலாம். ஆனால் அவன் போனதிலிருந்து இந்த வீட்டில் ஒரு டம்ளரைக்கூட அவளைத் தவிர யாரும் இடம் மாற்றி வைக்கவில்லை. பயத்தை விட ஏக்கம் பெரிதாக இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

“பரவால்ல. உள்ள வாங்க.”

தடவல் நின்றது. தாழ்ப்பாள் அசையவில்லை. மருந்து நெடி அறையை நிறைத்தது. கை மயிர் நிமிர்ந்தது. பிறகு தலைமயிர், ஒவ்வொன்றாக.

லேப்டாப் அணைந்தது.

இருட்டில் அலுமினியப் பொடி அப்பிய ஐந்து விரல்கள், ஆசையாய், அவள் கன்னத்தை நோக்கி நீண்டன. நுனியில் நீலமாய் ஒரு பொறி.