பலகையை ஒட்டிய வரிசைகள்

“உப்பைக் கொட்டிட்டாங்க சார். என் தேயிலைச் செடி ரெண்டு வரிசை கருகிப்போச்சு. நிலத்தை என் ஆராய்ச்சிக்கு விடுறதா, பிடுங்கிட்டு கொழுந்தன் கேக்கற மாதிரி விடுதி கட்டுறதான்னு இன்னைக்குச் சாயங்காலம் மாமியார் சொல்லிடுவாங்க.”

தேயிலை ஆராய்ச்சி செய்யும் அந்தப் பெண் சொல்லி முடித்ததும், ஊரே ‘நிதானம்’ என்று அழைக்கும் துப்பறிவாளர், குடையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மனைவியின் தம்பி ‘அவசரம்’ அதற்குள் வாசலில் செருப்பை மாட்டிவிட்டான்.

சரிவான தோட்டம். ‘வறட்சி தாங்கும் புது ரகம்’ என்ற பலகை. அதன் இருபுறமும் கருகிய வரிசைகள். கீழே அடுத்த வரிசை பச்சையாகவே நின்றது.

“ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ரகத்தையும் இடையிடையே நட்டிருக்கேன். பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான். எது எதுன்னு எனக்கும், நட்ட மேஸ்திரிக்கும் மட்டும்தான் தெரியும்,” என்றாள் ஆராய்ச்சி செய்யும் மருமகள்.

“அப்போ மேஸ்திரிதான், அத்தான்!” என்றான் அவசரம்.

“போன வாரம் இந்த ஆராய்ச்சியம்மாவோட சண்டை போட்டேன். கோவம் அவங்க மேலதான். செடி என்னங்க பண்ணுச்சு?” என்றார் மேஸ்திரி.

கூடத்தில் மாமியார் அமர்ந்திருந்தார். கொழுந்தன் கால்மேல் கால் போட்டிருந்தான்.

“மாடுகூடத் தின்னாத இலைக்கு மைக்ராஸ்கோப்பு! வறட்சி தாங்கும்னீங்களே அண்ணி, உங்க புது ரகம் உப்புக்கே செத்துப்போச்சே! மேஸ்திரியை முதல்ல வெளிய அனுப்புங்க.”

“செத்தது எந்த ரகம்மா?” என்றார் நிதானம்.

“ரெண்டு வரிசையும் பழைய ரகம்.”

கொழுந்தனின் கால் கீழே இறங்கியது.

“மேஸ்திரிக்குக் கெடுக்கணும்னா புது ரகம் எங்கன்னு தெரியும். இந்தப் பெரியம்மாவுக்கு ஆராய்ச்சி வேண்டாம்னா ஒரு வார்த்தை போதும், உப்பு எதுக்கு? பலகையைப் படிச்சதோட படிப்பை முடிச்சுக்கிட்ட ஒருத்தருக்குத்தான், புதுசுக்குப் பக்கத்துல பழசும் இருக்கும்னே தெரியாது. விடுதி வேணும்ங்கறவரும் அவர்தான். கெடுக்கறதுக்குக்கூடக் கொஞ்சம் படிப்பு வேணும் தம்பி.”

“அதை யாராவது முதல்லயே எனக்குச் சொல்லியிருக்கணும்ல!” என்று வெடித்தான் கொழுந்தன்.

“அவ வருஷா வருஷம் சொன்னா. நீ கொட்டாவி விட்டே,” என்றார் மாமியார். “நிலம் உனக்குத்தாம்மா.”

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரிவுல உப்புத் தண்ணி கீழ் வரிசைக்கும் இறங்கியிருக்கு அத்தை. அது புது ரகம். வாடவே இல்லை.”

“அப்போ ஜெயிச்சாச்சா?” என்றான் அவசரம்.

“ஒரு தடவை பார்த்தா ஆராய்ச்சி ஆகாது. வேற வேற இடத்துல, அளந்து போட்டுப் பார்க்கணும். உப்பு மூட்டை சுமக்க ஆள்தான் வேணும்,” என்றாள் மருமகள்.

மாமியார் மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

“பழகின ஆளே இருக்கு.”